இரண்டாவது டர்போ மாட்டுமுன் ஒரு காற்றுக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா அறுவடை முடிந்து வண்டிகள் கரையேறும் மாசி, பங்குனியில் தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறைப் பட்டறைகளில் எஞ்சின் பிரிக்கும் வேலை மும்முரமாக நடக்கும். அப்போது அறுவடை வண்டிக்காரர், அரிசி ஆலையில் ஜெனரேட்டர் பார்ப்பவர், நாகப்பட்டினம் விசைப்படகுக்காரர் என்று பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இன்னொரு டர்போ மாட்டினால் இழுவை கூடுமா?" மாட்டலாம், வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுகிறோம். அந்தப் பதில் ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு. அதைப் போடாமல் வேலை தொடங்குவதால்தான் நல்ல எஞ்சின்கள் ஒரே பருவத்தில் பிஸ்டன் உருகியும் ஹெட் கேஸ்கட் போயும் திரும்ப வருகின்றன. டெல்டாவில் எஞ்சினை நம்பிப் பிழைப்பவர்கள் அதிகம் என்பதால், அந்தக் கணக்கைச் சற்று நீளமாகவே எழுதுகிறோம். வெட்டாமல் வெளியிட வேண்டுகிறோம்.

டர்போ என்பது எஞ்சின் விடும் புகையால் ஒரு சக்கரத்தை (டர்பைன்) சுற்றி, அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரத்தால் (கம்ப்ரசர்) காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளும் கருவி. அது திறனைத் தருவதில்லை, காற்றைத் தருகிறது. திறன் டீசலில் இருக்கிறது. அந்த டீசல் எரியத் தேவையான காற்று சிலிண்டருக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நல்ல நிலையில் உள்ள டர்போ டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தருவதற்குச் சுமார் 160 கிராம் டீசல் எரிக்கும். ஒரு கிலோ டீசல் எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று போதும் என்று வேதியியல் சொல்லும். ஆனால் டீசல் எஞ்சினில் எண்ணெய்த் துளி காற்றோடு கலந்து எரியக் கிடைப்பது இரண்டு மூன்று மில்லி நொடிதான். அதனால் கிலோவுக்கு 18 கிலோ காற்றுக்குக் கீழே போனால் கரும்புகை வரும். நாள் முழுக்க லோடில் ஓட வேண்டிய எஞ்சினுக்கு 22 கிலோவாவது வேண்டும்.

ஆறு சிலிண்டர், 6 லிட்டர், நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடும் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பழைய லாரிகளிலிருந்து வரும் எஞ்சின்கள் பலவும் ஏறக்குறைய இந்த அளவுதான். இதில் 250 குதிரைத்திறன் எடுக்க மணிக்கு 40 கிலோ டீசலும் 880 கிலோ காற்றும் வேண்டும். அதாவது நிமிடத்துக்கு 14.7 கிலோ காற்று. 400 குதிரைத்திறன் வேண்டுமென்றால் மணிக்கு 64 கிலோ டீசல், நிமிடத்துக்கு 23.5 கிலோ காற்று. நான்கு அடி (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும். எனவே 2,400 சுற்றில் நிமிடத்துக்கு 7.2 கன மீட்டர். வால்வு வழியாக உண்மையில் உள்ளே போவது அதில் 90 சதம் என்று வைத்தால் 6.5 கன மீட்டர். இந்த இடத்துக்குள் 23.5 கிலோவை அடைக்க வேண்டும். இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) தாண்டி வரும் காற்று 60 டிகிரி என்றால், மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாயில்) முழு அழுத்தம் சுமார் 3.5 பார் இருக்க வேண்டும். கேஜ் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தம் போக மீதி. ஆகவே கேஜில் 2.45 பார், பழைய கணக்கில் 35 பி.எஸ்.ஐ. 250 குதிரைக்கு இதே கணக்கு போட்டால் கேஜில் 1.15 பார் போதும்.

அடுத்தது அழுத்த விகிதம். டர்போவை விட்டு வெளியேறும் முழு அழுத்தத்தை, டர்போவுக்குள் நுழையும் முழு அழுத்தத்தால் வகுக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: கேஜ் அளவை அப்படியே வகுத்துவிடுகிறார்கள். ஏர் ஃபில்டரில் கொஞ்சம் இழப்பு, இன்டர்கூலரில் 0.1 பார் அளவுக்கு இழப்பு என்று சேர்த்தால் 250 குதிரைக்கு விகிதம் 2.3, 400 குதிரைக்கு 3.65. ஒரு டர்போ 3 வரை நிம்மதியாகக் கொடுக்கும், நல்ல சக்கரமாக இருந்தால் 3.5 வரை. 4-ஐத் தாண்டுகிற சக்கரங்களும் உண்டு. ஆனால் அந்த உயரத்தில் அது நன்றாக வேலை செய்யும் காற்றளவு மிகக் குறுகிவிடும். கொஞ்சம் சுற்று குறைந்தாலே சர்ஜ் ஆகும், அதாவது அழுத்திய காற்று சக்கரத்தின் வழியே பின்னோக்கி உதைக்கும். ஆக, இந்த எஞ்சினில் 250 குதிரைக்கு ஒரு டர்போ போதும். இரண்டாவது அங்கே வெறும் செலவு, கூடுதல் சூடு, கூடுதல் கசிவு. 400 குதிரைக்கு இரண்டைத் தொடராக (ஒன்றன்பின் ஒன்றாக) வைப்பதற்குக் காரணம் உண்டு.

குதிரைத்திறன் அதிகம் என்பதாலேயே பல டர்போ வேண்டும் என்பதில்லை. பொன்மலை பணிமனைக்காரர்களுக்குப் பழக்கமான பழைய ஆல்கோ வகை ரயில் எஞ்சின் 2,600 குதிரைத்திறன் கொண்டது. 16 சிலிண்டர், ஒரே ஒரு டர்போ. அதன் கொள்ளளவு சுமார் 175 லிட்டர், லிட்டருக்கு 15 குதிரைதான் கேட்கிறார்கள். நம் உதாரணத்தில் லிட்டருக்கு 67 கேட்கிறோம். லிட்டருக்கு எத்தனை, எத்தனை சுற்றில் என்பதே கேள்வி. அதே ரயில்வேயில் பின்னால் வந்த இ.எம்.டி. வகை எஞ்சின் 4,000 குதிரை. அதிலும் ஒரு டர்போதான், ஆனால் கியர் வைத்து எஞ்சினோடு இணைத்திருப்பார்கள். இரண்டடி (டூ ஸ்ட்ரோக்) எஞ்சின் ஆகையால், குறைந்த லோடில் புகைக்காற்றின் வேகம் மட்டும் டர்போவைச் சுற்றப் போதாது. வேகம் வந்ததும் கிளட்ச் விட்டுவிடும். எந்த நேரத்தில் எவ்வளவு காற்று வேண்டும் என்று முதலில் யோசித்து, பிறகு அமைப்பை வரைந்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஒன்றுக்கு மேற்பட்ட டர்போவை வைக்க முக்கியமாக மூன்று வழி. டெல்டாக்காரருக்கு இதைத் தண்ணீரை வைத்துச் சொன்னால் எளிது. ஒரே மட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மதகு திறப்பது இணை அமைப்பு: ஒவ்வொரு டர்போவும் பாதிக் காற்றைத் தள்ளும், அழுத்தம் இரண்டிலும் ஒன்றே. ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கு ஒரு பம்பும், வாய்க்காலிலிருந்து மேட்டு வயலுக்கு இன்னொரு பம்புமாக இறைப்பது தொடர் அமைப்பு: காற்றளவு இரண்டிலும் ஒன்றே, அழுத்தம் படிப்படியாக ஏறும். தண்ணீர் குறைவாக இருக்கும்போது சின்ன ஷட்டரை மட்டும் திறந்து, வெள்ளம் வந்ததும் பெரியதையும் திறப்பது முறைவைப்பு அமைப்பு: குறைந்த சுற்றில் சின்ன டர்போ, சுற்று ஏறியதும் பெரியதும் சேரும்.

இணை அமைப்பு அழுத்தத்தை ஏற்றாது. இதைப் புரியாமல் ஆறு சிலிண்டரில் மூன்று மூன்றாகப் பிரித்து இரண்டு சின்ன டர்போ மாட்டி, விகிதம் 3.65 கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். ஒவ்வொன்றும் தனியாக 3.65 கொடுத்தாக வேண்டும். சின்னச் சக்கரத்துக்கு அது இன்னும் கடினம். வி வடிவ எஞ்சின்களில் இந்த அமைப்பு வருவதற்குக் காரணம், இரண்டு பக்க மேனிஃபோல்டையும் நீளக் குழாய் போட்டு ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேண்டாம் என்பதே. பெரிய ஆலை ஜெனரேட்டர்களில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டர்போ இருப்பது அதனால்தான். "இரண்டு சின்னது சீக்கிரம் சுற்றும்" என்ற பேச்சு பாதி உண்மை. பாதிக் காற்றுக்கு ஏற்ற சக்கரத்தின் விட்டம் பெரியதில் 0.7 மடங்கு. அது சுற்ற வேண்டிய வேகமோ 1.4 மடங்கு. இரண்டையும் வேகத்துக்குக் கொண்டுவரச் செலவாகும் ஆற்றல் ஒரு பெரிய சக்கரத்துக்குச் செலவாவதைவிட 30 சதம் குறைவு, அவ்வளவே. சின்னச் சக்கரத்தின் செயல்திறன் குறைவு என்பதால் அதிலும் கொஞ்சம் போய்விடும்.

இணை அமைப்பில் ஒரு டர்போ கெட்டால் அதை மட்டும் மாற்றி, வேறு அளவில் ஒன்றைப் போடவே கூடாது. அழுத்தம் குறைவாகத் தரும் பக்கத்துக்குள் மற்றதன் காற்று பின்னோக்கிப் பாயும். 'குப் குப்' என்று இடிக்கும் சத்தம் அதுதான். இரண்டு பக்கப் புகைச் சூட்டையும் அளந்து பாருங்கள். ஒரே லோடில் 50 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டீசல் பீய்ச்சும் நாசிலையும் டர்போ சுழற்சியையும் அன்றே பார்த்துவிட வேண்டும்.

முறைவைப்பு அமைப்பைப் பட்டறையில் கட்ட முயல வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. புகை வழியிலும் காற்று வழியிலும் தனித்தனி வால்வு, அவற்றைச் சரியான நொடியில் திறக்க ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, சென்சார்கள் என்று அது கார் கம்பெனிகளின் சோதனைக்கூட வேலை. சிவப்புச் சூட்டில் நிற்கும் வால்வு தண்டு பிடித்துக்கொண்டால் பெரிய டர்போ காற்றில்லாமல் சர்ஜில் நிற்கும்.

மீதி இருப்பது தொடர் அமைப்பு. கையால் கட்டக்கூடியது, உண்மையிலேயே பயன் தருவது. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

3.65 விகிதத்தை இரண்டாகப் பிரிக்க, அதன் வர்க்கமூலம் 1.9. நடுக்குழாய் இழப்பையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் 1.95 என்று வையுங்கள். வெளிக்காற்றை முதலில் வாங்கும் பெரிய டர்போவுக்குக் கம்ப்ரசர் மேப்பில் (எவ்வளவு காற்றை எந்த விகிதத்துக்கு நன்றாக அழுத்தும் என்று காட்டும் வரைபடத்தில்) 23.5 கிலோ, விகிதம் 1.95 என்று புள்ளி வைக்க வேண்டும். மேப்கள் பெரும்பாலும் பவுண்டில் இருக்கும், 23.5 கிலோ என்பது 52 பவுண்டு. அடுத்து சின்ன டர்போ. இங்கே பலரும் அதே 52 பவுண்டைப் பார்த்து, வேண்டியதைவிட மிகப் பெரியதை வாங்கிவிடுகிறார்கள். சின்னதுக்குள் நுழைவது ஏற்கெனவே அழுத்திய காற்று. எடை அதே 23.5 கிலோ, ஆனால் அடர்த்தி கூடியதால் இடம் குறைவு. சூட்டையும் அழுத்தத்தையும் திருத்திக் கணக்கிட்டால் மேப்பில் 14.4 கிலோ, அதாவது சுமார் 32 பவுண்டில்தான் புள்ளி விழும். நடுவில் குளிர்வித்தால் 13 கிலோவுக்கு வந்துவிடும்.

எஞ்சினில் ஏற்கெனவே இருக்கும் டர்போவையே சின்னதாக வைத்துக்கொண்டு பெரியதை மட்டும் வாங்கலாமா? 160 குதிரை லாரி எஞ்சினின் டர்போ நிமிடத்துக்கு 9 முதல் 10 கிலோ காற்றுக்குப் பொருத்தியது. 400 குதிரைக்கு அது நெரிசல். 260, 280 குதிரை வரை எடுப்பவருக்கு அது ஒருவேளை சரிவரும். ஆனால் அந்த அளவுக்கு ஒரே நல்ல டர்போ போதும் என்று மேலே பார்த்தோம்.

முழுச் சுற்றில் மட்டும் புள்ளி வைத்தால் பாதி வேலைதான் ஆகும். 1,400, 1,800, 2,400 என்று மூன்று சுற்றிலாவது முழு லோடுக் காற்றைக் கணக்கிட்டு மேப்பில் வைத்துக் கோடு போடுங்கள். அந்தக் கோடு இடப்பக்கச் சர்ஜ் எல்லையைத் தொட்டால் கம்ப்ரசர் பெரிது. வலப்பக்க முனையில் செயல்திறன் 65 சதத்துக்குக் கீழே விழுந்தால் கம்ப்ரசர் சிறிது.

டர்பைன் பக்கத்துக்கு இவ்வளவு எளிதாக வரைபடம் கிடைப்பதில்லை. அதனால் அளந்தே பார்க்க வேண்டும். எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் துளையிட்டு, கால் அங்குல எஃகுக் குழாயைச் சுருள் சுருளாக ஒரு மீட்டர் விட்டு, சூடு ஆறிய பிறகு அழுத்த கேஜில் இணையுங்கள். முழு லோடில் அங்கே தெரியும் அழுத்தம் பூஸ்டைப் (காற்று மேனிஃபோல்டில் கேஜ் காட்டும் அழுத்தத்தைப்) போல ஒன்று முதல் ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் நல்லது. இரண்டு மடங்கு என்றால் எஞ்சின் தன் புகையைத் தானே தள்ள முடியாமல் திணறுகிறது: எக்சாஸ்ட் வால்வு மிதக்கும், கேஸ்கட் போகும், டீசல் வீணாகும். சின்ன டர்போவின் டர்பைன் வீட்டைப் (சக்கரத்தைச் சுற்றியுள்ள வார்ப்பு உறையைப்) பெரிதாக்க வேண்டும், அல்லது வேஸ்ட்கேட் (மிகுதிப் புகையை டர்பைன் சக்கரத்தைத் தொடாமல் திருப்பிவிடும் வால்வு) போதவில்லை. டர்போவோடு வரும் சின்ன வேஸ்ட்கேட் தொடர் அமைப்புக்குப் பெரும்பாலும் போதாது. 44 மி.மீ. அளவில் வெளி வேஸ்ட்கேட் வைத்து, அதன் புகையை வெளியே விடாமல் பெரிய டர்பைனுக்குள் கொண்டுபோக வேண்டும். வெளியே விட்டால் பெரியதைச் சுற்றவேண்டிய ஆற்றல் காற்றோடு போய்விடும்.

இரண்டு டர்போவுக்கும் நடுவில் ஒரு கேஜ் கட்டாயம். அது இல்லாமல் தொடர் அமைப்பை ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது. முழு லோடில் நடுவில் 0.9 பார், கடைசியில் 2.45 பார் என்றால் வேலை சமமாகப் பிரிந்திருக்கிறது. நடுவில் 0.3-தான், கடைசியில் 2.4 என்றால் சின்னது மட்டும் தனியாக 2.7 விகிதம் தூக்குகிறது. அதன் தண்டு அளவுக்கு மீறிச் சுற்றி ஒரு நாள் உடையும். பெரியதன் டர்பைன் வீடு பெரிதாகிவிட்டது அல்லது வேஸ்ட்கேட் திறக்கவில்லை. மாறாக நடுவிலேயே 1.8 வந்து கடைசியில் 2.4 என்றால் சின்னது வெறும் அடைப்பாக நிற்கிறது.

இனிச் சூடு. சித்திரை, வைகாசியில் தஞ்சாவூரில் காற்றே 38, 40 டிகிரி. 38 டிகிரிக் காற்றை ஒரே டர்போவில் 3.65 விகிதத்துக்கு அழுத்தினால் வெளியே வருவது சுமார் 230 டிகிரி. இரண்டாகப் பிரித்து 1.95, 1.95 என்று அழுத்தினாலும், நடுவில் குளிர்விக்காவிட்டால் கடைசியில் அதே 230 டிகிரிதான். இரண்டு டர்போ போட்டால் காற்று குளிர்ந்துவிடும் என்பது தவறு. முதல் டர்போவை விட்டு வரும் 124 டிகிரிக் காற்றை நடு இன்டர்கூலரில் 60-க்கு இறக்கினால், இரண்டாவதை விட்டு வருவது 150 டிகிரி அளவுக்குக் குறையும். இடம் இல்லாவிட்டால் நடு இன்டர்கூலரை விட்டுவிடலாம். கடைசி இன்டர்கூலரை விடவே முடியாது. 230-ஐ 60-க்கு இறக்க அது நீக்க வேண்டிய வெப்பம் 67 கிலோவாட். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை நீக்கும், பன்னிரண்டு பதின்மூன்று ஏ.சி.யின் வேலை இது. பழைய லாரியின் இன்டர்கூலரை மாட்டி இதை எதிர்பார்க்க முடியாது. அறுவடை வயலில் பதரும் வைக்கோல் துகளும் ஃபின்னில் அடைத்துவிட்டால் கணக்கே மாறும். வேலை நாட்களில் தினம் இரண்டு முறை உள்ளிருந்து வெளியே காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். நாகை, வேதாரண்யம், காரைக்கால் கடலோரத்தில் உப்புக்காற்று அலுமினிய ஃபின்னை அரித்து வெள்ளைத் தூளாக்கிவிடும். அங்கே நல்ல தண்ணீரில் கழுவுவதும் சேர வேண்டும்.

ஏர் ஃபில்டரும் அதே அளவுக்குப் பெரிதாக வேண்டும். நிமிடத்துக்கு 23.5 கிலோ என்பது 730 கன அடி. 160 குதிரைக்குப் போட்ட ஃபில்டரில் இதை இழுத்தால் இழப்பு எகிறும். தடை காட்டும் கேஜை வைத்து, 25 அங்குலத் தண்ணீர் அளவைத் தாண்டினால் மாற்றிவிடுங்கள். ஃபில்டரைத் தரையில் தட்டித் தூசி எடுப்பதை நிறுத்துங்கள். காகிதம் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். தொடர் அமைப்பில் அந்தத் தூசி இரண்டு சக்கரத்தையும் தேய்த்து, பிறகு லைனரையும் தேய்க்கும்.

புகைச் சூட்டை எங்கே அளக்கிறீர்கள் என்பது முக்கியம். சைலன்சர் பக்கம் அளந்து 480 டிகிரி என்று நிம்மதி அடைவது ஆபத்து. ஒரு டர்போவைத் தாண்டினாலே லோடில் 100, 150 டிகிரி குறையும், இரண்டைத் தாண்டினால் இன்னும் குறையும். பிஸ்டன் பார்ப்பது முதல் டர்பைனுக்கு முன்னால் இருக்கும் சூட்டை. அங்கே தொடர்ந்து ஓடும்போது 700 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டீசல் பம்பைக் குறையுங்கள். பூஸ்ட்டை ஏற்றிச் சரிசெய்ய நினைக்காதீர்கள்.

எஞ்சின் உடம்பு தாங்குமா என்பதை எல்லாரும் கடைசியில் யோசிக்கிறார்கள். உண்மையில் முதலில் யோசிக்க வேண்டியது. சிலிண்டரின் அமுக்க விகிதம் (கம்ப்ரஷன் ரேஷியோ; மேலே சொன்ன டர்போ விகிதம் அல்ல) 17.5 உள்ள எஞ்சினில் டர்போ இல்லாமல், டீசல் எரிவதற்கு முன் சிலிண்டரில் ஏறுவது சுமார் 48 பார். மேனிஃபோல்டில் 2.16 பார் இருந்தால் 103 பார். 3.46 பார் இருந்தால் 165 பார், அதுவும் எரிவதற்கு முன்பே. பழைய லாரி எஞ்சின் பலவும் எரிந்த பிறகுகூட இவ்வளவு உச்ச அழுத்தத்துக்கு வடித்தவை அல்ல. பிஸ்டன் கிண்ணத்தைக் கடைந்து விகிதத்தை 16-க்கு இறக்கினால் 146-க்கு வரும். ஆனால் கிண்ணத்தின் விளிம்பு மெலிந்து வெடிக்கும் அபாயம் உண்டு. அதற்கென வார்த்த பிஸ்டனை வாங்குவதே நல்லது. கூடவே தடித்த ஹெட் ஸ்டட், பல அடுக்கு எஃகுக் கேஸ்கட், பிஸ்டன் அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட், பம்ப் டைமிங்கைச் சற்றுத் தாமதமாக்குதல் எல்லாம் வேண்டும். இவற்றில் எதையும் செய்ய மனமில்லாதவர் இரண்டாவது டர்போவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பம்பில் டீசலை முதலில் திறந்துவிட்டுக் காற்று பின்னால் வரட்டும் என்பதும் தவறு. பூஸ்ட் ஏறின பிறகே டீசலைக் கூட்டும் டயாஃப்ரம் பம்பில் இருக்கிறது. அதன் குழாயைக் கடைசி மேனிஃபோல்டில் இணைக்க வேண்டும், நடுக்குழாயில் அல்ல. அதை அடைத்து ஸ்க்ரூவை முறுக்கிவிடுவதால்தான் சாலையில் கரும்புகை தெரிகிறது.

ஆயில் வழியில் நடக்கும் தவறு ஒன்று பெரிய டர்போக்கள் பலவற்றைக் கொல்கிறது. இடமில்லை என்று பெரிய டர்போவைக் கீழே தள்ளி மாட்டுகிறார்கள். டர்போவின் ஆயில் எடையால் மட்டுமே வடிய வேண்டும். வடிகுழாயின் உள்விட்டம் 16 முதல் 19 மி.மீ., நேர் கீழாக, எங்கும் வளைந்து மேலேறாமல், சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் தேங்கி, சீல் வழியாகக் கம்ப்ரசருக்குள் வரும். "டர்போ சீல் போச்சு" என்று இரண்டு மூன்று முறை மாற்றுவார்கள். குற்றம் சீலில் இல்லை. வந்த ஆயில் இன்டர்கூலரில் தேங்கி, ஒரு நாள் லோடில் எஞ்சின் அதையே இழுத்து எரிக்க ஆரம்பித்தால் டீசலை நிறுத்தினாலும் எஞ்சின் நிற்காது. சுற்று ஏறிக்கொண்டே போய் வெடிக்கும். அதனால் காற்றுக் குழாயில் கையால் இழுத்து மூடும் தகடு ஒன்றை வையுங்கள். ஓடும் குழாய் வாயைக் கையாலோ துணியாலோ மூடப் போக வேண்டாம்.

குழாய் வேலையில் இரண்டு சொல்கிறோம். 230 டிகிரி வரும் இடத்தில் ரப்பர் ஹோஸோ சாதாரண சிலிக்கான் ஹோஸோ நிற்காது; உலோகக் குழாயும் வி-பேண்ட் கிளாம்பும் போடுங்கள். இரண்டு டர்பைனுக்கும் நடுவில் உள்ள எஃகுக் குழாய் 600 டிகிரி ஏறும்போது மீட்டருக்கு 8 முதல் 11 மி.மீ. நீளும். மடிப்புக் குழாய் வைக்காவிட்டால் மேனிஃபோல்டு விரியும். பெரிய டர்போவின் எடையை மேனிஃபோல்டில் தொங்கவிடாமல் பிளாக்கிலிருந்து தனித் தாங்கி கட்ட வேண்டும். முதல்முறை ஸ்டார்ட் செய்யுமுன் காற்று வழி முழுவதையும் அடைத்து 1 பார் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். ஸ்டாப் லீவரை இழுத்துவிட்டு, ஆயில் கேஜ் ஏறும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். லோடு இறக்கிய பிறகு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டே நிறுத்துங்கள்.

யாருக்கு எது? சாதாரண 100 குதிரை அறுவடை வண்டிக்கு ஒரு டர்போவே. இழுவை குறைந்தால் ஃபில்டர், இன்டர்கூலர், நாசில், வால்வு இடைவெளியைப் பாருங்கள். ஈரச் சேற்றில் பெல்ட் வண்டி திணறுவது டர்போவால் அல்ல. வெட்டுப் பலகையை உயர்த்தி, வேகத்தைக் குறைத்தால் சாய்ந்த பயிரிலும் ஓடும். ஆலை ஜெனரேட்டர் 1,500 சுற்றிலேயே நிற்பது. பெரிய மோட்டார் திடீரென்று ஏறும்போது லைட் மங்கினால் டர்போவைவிட அந்த மோட்டாரின் ஸ்டார்ட்டரைச் சீர்செய்து மோட்டார்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுவது மலிவு. படகில் புரொபெல்லர் கேட்கும் திறன் சுற்றின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவது. குறைந்த சுற்றில் பூஸ்ட் வேண்டியதில்லை. அங்கே கடல்நீர் ஆஃப்டர்கூலர் காற்றை 45 டிகிரிக்கு இறக்கும் வசதி இருப்பதால், ஒரு நல்ல டர்போவே நெடுந்தூரம் போகும். தண்ணீர் உறை போட்ட எக்சாஸ்ட் மேனிஃபோல்ட் டர்பைனுக்குப் போகும் சூட்டைக் குறைத்துவிடும். டர்பைன் வீட்டை ஒரு அளவு சின்னதாக எடுக்க வேண்டும். விசைப்படகு எஞ்சினுக்கு அரசு விதித்த குதிரைத்திறன் வரம்பை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டே கை வையுங்கள். தொடர் அமைப்பு உண்மையில் பொருந்துவது, அகன்ற சுற்று வரம்பில் கனமான லோடு ஏற்றி இறக்கும் எந்திரத்துக்கு, அதுவும் விகிதம் 3.5-ஐத் தாண்டும்போது மட்டும்.

புது எஞ்சின்களைத் தொடவே கூடாது. 50 குதிரைக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதலும், ஜெனரேட்டர்களுக்கு 2023 ஜூலை முதலும் புதிய மாசு விதிகள் வந்துவிட்டன. அவற்றில் டீசல், டர்போ, புகை வடிகட்டி எல்லாமே கணினிக் கட்டுப்பாட்டில் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றை மாற்றினால் மற்றது கெடும். சாலையில் ஓடும் வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

இரண்டு கோரிக்கைகள். டெல்டாவில் உள்ள ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் டீசல் மெக்கானிக் படிப்போருக்குக் கம்ப்ரசர் மேப்பை வாசிக்கக் கற்றுத்தர வேண்டும். இரண்டு மணி நேரப் பாடம்; ஒரு கால்குலேட்டர் போதும். அடுத்து, பழைய டர்போ விற்கும் கடைக்காரர்களுக்கு: "இது 300 குதிரை டர்போ" என்று சொல்லி விற்காதீர்கள். டர்போ வீட்டில் தட்டி வைத்திருக்கும் எண் பலகையைத் தேய்க்காமல், கழற்றாமல் கொடுங்கள். அந்த எண் இருந்தால் மேப்பைத் தேடிக்கொள்ளலாம். எண் இல்லாவிட்டால் சக்கரத்தின் உள்விட்டம், வெளிவிட்டம், டர்பைன் வீட்டில் வார்த்திருக்கும் எண்ணையாவது வெர்னியரால் அளந்தும் பார்த்தும் ரசீதில் எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
டீசல் எஞ்சின் பட்டறைத் தொழிலாளர்கள் சிலர்,
மன்னார்குடி